பாலாடை (ஊட்டுகலன்)

இக்கட்டுரை குழந்தைகளுக்குப் பால் புகட்டும் கலன் பற்றியது. பாலின் மேல் படியும் ஏட்டையும் பாலாடை என்பர்.

பாலாடை என்பது தாயின் மார்பில் நேரடியாகச் சப்பிக் குடிக்க இயலாத பச்சிளங் குழந்தைகளுக்குப் பால் புகட்டப் பயன்படும், ஒருபுறம் அலகு போல் நீண்ட மூக்குடைய சிறு கலன் ஆகும். இது சங்கு எனவும் அழைக்கப்படுகிறது. தென்னிந்திய வீடுகளில் மரபாகப் பயன்பட்டுவந்த இக்கலன், பிற்காலத்தில் மருத்துவ ஆய்வுகளுக்கும் உட்படுத்தப்பட்டது.

தேவை

சப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் இசைந்து நடந்தால்தான் குழந்தை பாதுகாப்பாகப் பால் குடிக்க இயலும். இவ்விசைவு பொதுவாகக் கருவின் 32 முதல் 34 வாரங்களில் உருவாகிறது. அதற்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குழாய் வழியாக இரைப்பைக்குப் பால் செலுத்தப்படுகிறது. குழாயிலிருந்து தாய்மார்புக்கு மாறும் இடைக்காலத்தில் பாலாடை உதவுகிறது. அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளுக்கும் உறிஞ்சும் அழுத்தம் உருவாகாததால் இத்தகைய கலன்கள் தேவைப்படுகின்றன.

புட்டியின் காம்பிலும் கழுத்திலும் பால் தங்கினால் கிருமிகள் பெருகும். திறந்த கலனான பாலாடையைக் கழுவுவதும் கொதிநீரில் இடுவதும் எளிது.

புகட்டும் முறை

விழித்திருக்கும் குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, கலனின் மூக்கை வாயின் ஓரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகப் பால் விடப்படுகிறது. ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்தது தரப்படும். வேகமாக ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் சென்று உயிருக்கு ஆபத்து நேரலாம்.

ஆய்வுகள்

இந்தியாவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வொன்று பாலாடை, கோப்பை, புட்டி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. பாலாடையில் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன; கோப்பையில் அதிகம் சிந்தியது. மாறாக, 2007இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்குப் புட்டியைவிடப் பாலாடையில் அதிக நேரம் பிடித்தது. பால் கூடுதலாகச் சிந்தியது. எனவே எல்லாச் சூழலுக்கும் இதுவே சிறந்தது எனக் கூற இயலாது.

உலக சுகாதார அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டலில், தாய்மார்பில் குடிக்க இயலாத எடை குறைந்த குழந்தைகளுக்கு வாய்வழி ஊட்டக் கோப்பை, பாலாடை அல்லது கரண்டியைப் பரிந்துரைத்தது.

பிற கலன்கள்

வாசிங்டன் பல்கலைக்கழகம், சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை, பாத் நிறுவனம் ஆகியவை இணைந்து நிஃப்டி எனும் மென்மையான சிலிக்கோன் கோப்பையை உருவாக்கின. குழந்தை தன் வேகத்தில் குடிக்க ஏதுவாக, இதன் விளிம்பருகே சிறிதளவு பால் தேங்கும் குழிவு உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

தாய்ப்பாலூட்டல்
குறைப்பிரசவம்
அண்ணப்பிளவு