கபாடபுரமும் எயிற்பட்டினமும்

தமிழ் அற்புதக் கதைகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர் 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ என்னும் தொகுதியை ஒதுக்கிச் செல்லல் இயலாது. பாரதியார் தம் ‘ஞானரதத்தில்’ முன்னரே வேற்றுலகங்களைக் கண்டு வந்தார். எனினும் அஃது உலகியலைத் திருத்த விழைந்த மனப்பயணம். ‘காஞ்சனை’க் கதையிலோ வீட்டினுள் வந்தது பேயா, பெண்ணா என்பது இறுதிவரை துணியப்படவில்லை. ஐயத்தை ஐயமாகவே நிறுத்துதல் ஆசிரியர் கொண்ட நெறி.

கடல்கோள் மரபையும் அவர் அந்நெறியிலேயே கையாண்டார். ‘கபாடபுரம்’ (1945) என்னும் கதையில் கடல்கொண்ட நகர் மாயக் காட்சிகளுக்குரிய களமாகின்றது. அது வரலாறு என அவர் சாதிக்கவில்லை. ஆராய்ச்சியாளருட் சிலர் இவ்வடக்கத்தைக் கைக்கொள்ளாமை வியப்பே. இறையனார் களவியலுரை, இடைச்சங்கம் கபாடபுரத்தில் 3700 ஆண்டு நிலவிற்றென்றும் 59 அரசர் அதனைப் புரந்தனர் என்றும் கூறும். வகுத்துப் பார்ப்பின் அரசர் ஒருவர்க்கு ஏறத்தாழ 63 ஆண்டு வரும். இக்கணக்கை வரலாறாகக் கொண்டதோடு அமையாது, 1864இல் ஸ்கிளேட்டர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்கக் கற்பித்த ‘லெமூரியா’வையும் அதனோடு பிணைத்தனர். கண்டங்கள் நகர்ந்தன என நிலவியலார் நிறுவியபின் அக்கற்பிதத்திற்குத் தேவையே இல்லாது போயிற்று. பிரெஞ்சு அறிவியற் புனைகதையாளர் ஜூல் வெர்ன் 1870இல் தம் கடலடிப் பயண நாவலில் மூழ்கிய அட்லாண்டிசைக் காட்டினார்; அது புனைவாகவே படிக்கப்பட்டது.

தொல்பழங் கடற்கரை நகரொன்றை வரலாற்றில் நிலைநாட்டும் முறைக்கு மரக்காணம் தக்க சான்று. உப்பளங்கள் சூழ்ந்த இவ்வூர், புதுமைப்பித்தன் தொடக்கக் கல்வி பயின்ற ஊர்களுள் ஒன்றாகிய திண்டிவனத்திற்குக் கிழக்கே உள்ளது. (இதுகொண்டு அவர் கதைகட்குக் காரணம் கற்பித்தல் எம் கருத்தன்று.) நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுங்கால் எயிற்பட்டினத்தையும் ஆங்குப் பரதவர் பாணர்க்கு மீன் அளித்து ஓம்புதலையும் கூறும். அவனுக்குரிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதியாதலின் நாட்டெல்லை தெளிவு. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய ‘பெரிப்புளூசு’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் காமரா, பொதுகே என்பவற்றோடு ‘சோபட்மா’ எனும் துறையைக் குறிக்கின்றது. ‘சோ’, ‘எயில்’ ஆகிய இரண்டும் மதிலை உணர்த்துவன. ஆகலின் சோபட்டினம் எயிற்பட்டினமே என்றும், அது மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கொண்டனர். பூமீசுவரர் கோயிற் சோழர்காலக் கல்வெட்டுகளில் உப்பளங்களும் குறிக்கப்படுகின்றன.

பாட்டும் அயலவர் குறிப்பும் சொற்பொருளும் இங்ஙனம் ஒருமுகப்படுகின்றன. இவற்றுள் ஒன்று தளரினும் ஏனைய தாங்கும். கபாடபுரத்து 3700 ஆண்டுக் கணக்கோ களவியலுரை ஒன்றையே பற்றி நிற்பது. எயிற்பட்டினத்திற்கு அத்தகைய ஆண்டுத் தொகையோ அரசர் தொகையோ எவரும் எழுதி வைத்திலர்.