கவாத்துத் திடல் கைமாறிய கதை

மதராஸில் கோட்டை கட்டினார்கள், பினாங்கிலும் கட்டினார்கள். கோலாலம்பூரில் வெள்ளையருக்குக் கோட்டை தேவைப்படவில்லை. ஒரு குன்றும் ஓர் ஆறும் அந்த வேலையைச் செய்தன. 1880-இல் கிள்ளானிலிருந்து தலைநகரை இங்கே மாற்றிய ரெசிடெண்ட் புளூம்ஃபீல்ட் டக்ளஸ், கிழக்குக் கரையில் இருந்த சீனர் கடைத்தெருவை ஒட்டிக் குடியேறவில்லை. மேற்குக் கரைக் குன்றில் அலுவலகமும் போலீஸ் பாசறையும் எழுந்தன. இன்று புக்கிட் அமான் நிற்கும் மேடு அது. ஊரில் கலகம் மூண்டால் கிள்ளான் ஆறு குறுக்கே நிற்கும் என்ற கணக்கு.

குன்றின் அடிவாரத்துத் தாழ்நிலத்தில் சதுப்பும் காய்கறித் தோட்டமும் இருந்தன. அந்த நிலம் போலீஸ் தலைவர் சையர்ஸின் ஆட்களுக்குக் கவாத்துத் திடலானது. போலீஸ் என்றதும் இன்றைய காவல் நிலையத்தை நினைக்க வேண்டாம். தனிப் படை இல்லாத அன்றைய சிலாங்கூரில், துப்பாக்கி ஏந்திய மலாய்க்காரர்களும் சீக்கியர்களும் கொண்ட அந்தப் பிரிவுதான் படை.

படையின் கையிலிருக்கும் நிலம் எளிதில் ஊருக்குத் திரும்பாது. மதராஸே சாட்சி. 1746-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்த கோட்டையை மீட்ட பிறகு, பீரங்கிக்கு எதிரே மறைவு எதுவும் இருக்கக் கூடாது என்று கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தையே கும்பினியார் தரைமட்டமாக்கினார்கள். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோவிலும் இடிபட்டது. மக்கள் விடாமல் முறையிட்டதில் கும்பினி மாற்று இடம் கொடுத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று பூக்கடைப் பக்கம் கோவிலை மறுபடி எழுப்பினார். வெட்டவெளியில் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். பாரிமுனையில் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்த வெளியில் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது 1892-இல். நூறாண்டுக்கு மேல் பீரங்கிக்காகக் காலியாகக் கிடந்த நிலம் அது.

கோலாலம்பூரில் அத்தனை காலம் ஆகவில்லை. 1884-இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப் சில ஆண்டுகளில் திடலின் ஓரத்துக்கே வந்து சேர்ந்தது. 1892 வாக்கில் சதுப்பை மேடாக்கிச் சமன் செய்தார்கள்; கவாத்து நடந்த புல்லில் கிரிக்கெட்டும் நடந்தது. 1896-இல் நான்கு மலாய் மாநிலங்கள் கூட்டரசான கையோடு, மாநிலங்களின் சீக்கியப் படைகளைச் சேர்த்து ‘மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்’ உருவாயிற்று. அதன் தலைமையிடம் தைப்பிங். படை வேலை அங்கே போய்விட, கோலாலம்பூர்த் திடலைப் பிடித்து வைத்திருக்க இராணுவக் காரணம் பெரிதாக இல்லாமல் போனது என்பது என் கணிப்பு. மறு ஆண்டே திடலின் கிழக்கே, இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்று நாம் அழைக்கும் அரசு மாளிகை முழுமை பெற்றது. குன்றின் மேல் இருந்த ஆட்சி சமவெளிக்கு இறங்கி வந்தது. கூட்டரசுப் போலீசின் தலைவராக உயர்ந்திருந்த சையர்ஸ், அதே 1897-இல் பகாங்கில் காட்டெருமை முட்டி இறந்தார்.

படையிடமிருந்து நிலம் வந்தது. வந்து யாரிடம் சேர்ந்தது? என்னை உறுத்தும் கேள்வி இதுதான். கிளப்பின் தொடக்க கால உறுப்பினர்களில் பத்துமலைக் கோவிலை உருவாக்கிய தம்புசாமிப் பிள்ளை இருந்தார். அவரைப் போல் செல்வமும் செல்வாக்கும் பெற்ற ஆசியர் சிலருக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. 1886-இல் ஓடத் தொடங்கிய கிள்ளான் ரயில் பாதையை நம்பிப் பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய தமிழ்த் தொழிலாளிக்கு, நடந்து போகும் தூரத்தில் இருந்த அந்தப் புல்வெளி வேடிக்கை பார்க்கும் இடம் மட்டுமே. நம்மவர்கள் தங்கள் விளையாட்டுக்குத் தாங்களே சங்கம் கண்டார்கள். 1914-இல் பிறந்த டிபிசிஏ என்ற தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் அப்படி வந்தது. சிப்பாய் வெளியேறினாலே நிலம் பொதுமக்களுடையது ஆகிவிடாது. கிளப்பின் வேலியும் ஒரு வேலிதான்.

போர் வந்தபோது எல்லாம் தலைகீழானது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் நகருக்குள் நுழைந்தார்கள். பள்ளிக்கூடங்கள்கூடப் படையின் கைக்குப் போயின. 1945 செப்டம்பரில் ஜப்பானியத் தளபதி சரணடைந்து கையெழுத்திட்ட இடம் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி.

திடல் எல்லாருக்கும் உரியது என்று இந்த ஊர் முதன்முதலாக உணர்ந்த இரவு, 1957 ஆகஸ்ட் 30. நள்ளிரவில் யூனியன் ஜாக் இறங்கியது, மலாயாக் கொடி ஏறியது. புல்தரை கொள்ளாத கூட்டம். ஆனாலும் திடல் கிளப்பின் வசமே முப்பது ஆண்டுகள் தொடர்ந்தது. 1980-களின் பிற்பாதியில்தான் மாநகர் மன்றம் அதை வாங்கிக்கொண்டு, கிளப்புக்குப் புக்கிட் கியாராவில் நிலம் கொடுத்தது. 1990-இல் டத்தாரான் மெர்டேக்கா என்று பெயர் சூட்டினார்கள்.

இதே பேரம் நம் கண் முன்னே இன்னொரு முறை நடந்திருக்கிறது. 1965-இல் சுபாங் திறக்கும்வரை நகரின் விமான நிலையமாக இருந்த சுங்கை பீசி, அதன்பின் ஆகாயப் படையின் தளமாக நீடித்தது. 2018-இல் படை வெளியேறியபோது, நகரின் வாசலிலேயே சுமார் 486 ஏக்கர் காலியாயிற்று. ‘பண்டார் மலேசியா’ என்ற பெயரில் அந்த நிலம் யார் யார் கை மாறியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)