ஈர்ப்பு அலைகளின் திசையறிய உதவும் லைகோ-இந்தியா

சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பு அலைகள், 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லிவிங்ஸ்டன், ஹான்ஃபோர்டு ஆகிய இடங்களிலுள்ள லைகோ ஆய்வகங்களில் முதன்முறையாகப் பதிவாகின. அங்கு 4 கி.மீ. நீளமுள்ள இரு குழாய்களில் சென்று திரும்பும் லேசர் ஒளி, புரோட்டானின் விட்டத்தைவிடச் சிறிய நீள மாற்றத்தையும் காட்டிவிடும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புற ஊர்களைக் கொண்ட திருவனந்தபுரம் மாவட்டத்தின் ஐசர் நிறுவனமும், சென்னை கணிதவியல் கழகமும் இந்தக் கண்டுபிடிப்பில் பங்கேற்றன.

லிவிங்ஸ்டனை அடைந்த அலை, சுமார் 7 மில்லி விநாடிகள் கழித்தே ஹான்ஃபோர்டை எட்டியது. இத்தகைய கால வேறுபாட்டைக் கொண்டே அலை வந்த திசை கணிக்கப்படுகிறது. இரு ஆய்வகங்கள் மட்டும் இருப்பின் அது தோராயமாகவே தெரியும். தொலைவில் மேலும் ஆய்வகங்கள் அமைந்தால் துல்லியம் கூடும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் ரூ.2,600 கோடியில் லைகோ-இந்தியா அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.