நாய்ப் படத்தில் தொடங்கி விழித்திரை வரை

2015 டிசம்பரில் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இன்செப்ஷன்-வி3 என்ற நரம்பு வலைப்பின்னலை அறிவித்தபோது அதற்கு மனிதக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. இமேஜ்நெட் தொகுப்பின் சுமார் 12 லட்சம் படங்களைப் பார்த்து, இது நாய், இது குடை என்று 1,000 வகைகளைப் பிரித்தறியப் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

அதைப் பயிற்றுவித்த டென்சர்ஃப்ளோ நூலகத்தை அதே ஆண்டு நவம்பரில் கூகுள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் எதுவானாலும் டெர்மினலில் ஒரு வரி அடித்தால் போதும், நூலகம் இறங்கிவிடும். மதுரையில் படிக்கும் கல்லூரி மாணவரும் அதே இன்செப்ஷனைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். நிரல் யாருக்கும் கிடைக்கும். தரம் பிரித்த கண் படங்கள் அப்படிக் கிடைக்காது.

சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும்போது நுண்ணிய ரத்தக் கசிவுகளும் மஞ்சள் படிவுகளும் தோன்றும். அவற்றை அடையாளம் காண இந்த வலைப்பின்னலுக்கு 1,28,175 படங்கள் காட்டப்பட்டன. அவை அமெரிக்காவின் ஐபேக்ஸ் கண் பரிசோதனைத் திட்டத்திலிருந்தும் மூன்று இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை: மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனைக்குக் கண் காட்ட வந்தவர்களின் விழித்திரையும் இப்படித்தான் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தது. ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகத் தரம் பிரிப்பது சகஜம். அதனால் 54 பேர் கொண்ட குழு ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 முறை பார்த்துத் தரம் சொன்னது. இந்த நிரலின் உண்மையான விலை அந்த உழைப்பு என்றே சொல்வேன்.

2016 இறுதியில் ஜாமா இதழில் முடிவுகள் வெளிவந்தன. அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடிச் சோதனையும் நடந்தது. சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவு முற்றிய நோயை அரவிந்தில் நிரல் 88.9 விழுக்காடு பிடித்தது. நோய் அந்த அளவுக்கு இல்லாதவர்களில் 92.2 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. 2019 பிப்ரவரியில், ஆய்வுக்கு வெளியே முதல் மருத்துவப் பயன்பாடு மதுரை அரவிந்தில் தொடங்கியிருப்பதாகக் கூகுளின் சகோதர நிறுவனமான வெரிலி அறிவித்தது.

எல்லா ஊரிலும் வழி இவ்வளவு சீராக இல்லை. தாய்லாந்தின் 11 சிறு மருத்துவ மையங்களில் இந்த நிரலைப் பயன்படுத்திய முதல் ஆறு மாதத்தில் கொடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று கருவி ஒதுக்கியது. பல அறைகளில் படம் எடுக்கத் தேவையான இருட்டு இல்லை. கேமராவைப் பிடிக்கும் பணியாளரின் பயிற்சிக்கும் அறையின் திரைச்சீலைக்கும் செலவு செய்யாமல் நிரலை மட்டும் வாங்கிப் பயனில்லை.

மேலூரோ உசிலம்பட்டியோ, சர்க்கரை உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். தொடக்கத்தில் இந்த நோய் எந்த அறிகுறியும் காட்டாது.