இரவு 10.30 மணிக்கு மேல் ஒரு பீர் டின்

அக்கம்பக்கக் கடையில் இரவு எத்தனை மணி வரை மது விற்கலாம்? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் சிங்கப்பூரில் இதற்குப் பதில் காண நாடாளுமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தக் கதையில் லிட்டில் இந்தியாவுக்கும், ஞாயிறுதோறும் அங்கு கூடும் ஊழியர்களுக்கும் முக்கிய இடம் உண்டு.

தமிழர்களுக்கு இது புதிய விவாதமும் அல்ல. காலனித்துவ ஆட்சியில் கள்ளுக்கடைகளின் முக்கிய வாடிக்கையாளர்கள் தமிழ்த் தொழிலாளர்களே. தமிழர் சீர்திருத்தச் சங்கம் கள்ளை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. 1970களின் இறுதியில் சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் மறைந்தன. கள்ளு போனது, பீர் டின் வந்தது. அதை வாங்கத் தனிக் கடை தேடிப் போக வேண்டியதில்லை. மளிகைக் கடையிலும் 24 மணி நேரக் கடையிலும் கிடைத்தது.

புகார்கள் தொடங்கின

மதுக்கூடத்தைவிடக் கடையில் விலை குறைவு. அதனால் கடையில் வாங்கி வெளியில் உட்கார்ந்து குடிக்கும் பழக்கம் வளர்ந்தது. கிளார்க் கீ அருகே ரீட் பாலத்தில் இளையர்கள் கூடினார்கள். வீவக புளோக்குகளின் கீழ்த்தளங்களில் நள்ளிரவிலும் பேச்சும் சிரிப்பும் கேட்டன. காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்களும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் முணுமுணுத்தார்கள். உள்துறை அமைச்சு விதிமுறைகளை மறுஆய்வு செய்ய முற்பட்டது. 2013 அக்டோபரில் பொதுமக்களின் கருத்துகளையும் கேட்கத் தொடங்கியது.

இதை மறந்துவிடக் கூடாது. கலவரத்துக்கு முன்பே பிரச்சினை இருந்தது. அது லிட்டில் இந்தியாவில் மட்டும் இருக்கவில்லை.

ஒரு ஞாயிறு இரவு

2013 டிசம்பர் 8. ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து மோதி இந்திய ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. காவல்துறை வாகனங்கள் தாக்கப்பட்டன, ஆம்புலன்ஸ் எரிந்தது. 40 ஆண்டுகளுக்கும் மேலாக அப்படி ஒரு காட்சியைச் சிங்கப்பூர் கண்டதில்லை. அடுத்த வார இறுதியிலேயே அந்த வட்டாரத்தில் மதுவுக்குத் தடை வந்தது. பின்னர் தடை தளர்த்தப்பட்டு, வார இறுதிகளில் கடைகள் இரவு 8 மணி வரை மட்டும் மது விற்கலாம் என்றானது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை நம்பியிருந்த சிறு கடைக்காரர்களுக்கு அது பலத்த அடி.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2014 ஜூனில் வெளியானது. விபத்தே கலவரத்தின் தொடக்கப் பொறி என்றும், மதுபோதை அதைப் பெரிதாக்கிய காரணங்களில் ஒன்று என்றும் குழு கண்டது. மதுக் கட்டுப்பாட்டைப் பரிந்துரைத்த அதே குழு, ஊழியர்கள் கூடும் இடங்களில் வசதிகளை மேம்படுத்தவும் சொன்னது. முதல் பரிந்துரையைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

தீவு முழுவதற்கும் ஒரு நேரம்

2015 ஜனவரியில் நாடாளுமன்றம் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏப்ரல் 1 முதல், இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை கடைகளில் மது விற்கவும் பொது இடங்களில் குடிக்கவும் தடை நடப்புக்கு வந்தது. உரிமம் பெற்ற உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் அமர்ந்து குடிப்பதற்கு இந்த நேரம் பொருந்தாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. அங்கு சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் குடிக்க முடியாது.

ஆனால் சட்டம் கதவை முழுதாகப் பூட்டிவிடவில்லை. கூடுதல் நேரம் விற்க விரும்பும் கடைக்காரர் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும்.

வரலாறு சொல்லும் பாடம் இங்குதான் பயன்படுகிறது. கூடுதல் நேரம் கேட்பவர் கடைக்காரர். அவருக்கு வாடகை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. தூக்கம் கெடுபவர் மேல்மாடியில் இருப்பவர். அவர் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்து முறையிடலாம். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். வாரம் முழுதும் கட்டுமானத் தளத்தில் உழைத்து, ஒரே ஒரு நாள் ஓய்வில் நண்பர்களைத் தேடி வரும் ஊழியர். விடுதி அறையைவிட்டால் அவருக்கு உட்காரப் புல்வெளிதான். அவருக்கு வாக்கு இல்லை. முறையிடத் தொகுதியும் இல்லை.

குடும்பத்துக்கு அனுப்ப வேண்டிய பணம் போதையில் கரைவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. கள்ளை எதிர்த்த பெரியவர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கடையை மூடச் சொன்னதோடு நிற்கவில்லை. கல்வியையும் சீர்திருத்தத்தையும் சேர்த்தே பேசினார்கள். கடையின் நேரத்தைக் குறைப்பது எளிது. குடிக்காமல் பொழுதைக் கழிக்க ஓர் இடம் கொடுப்பதுதான் கடினம். கடையின் நேரத்தை நீட்டுவதா, குறைப்பதா என்று முடிவெடுக்கும்போதெல்லாம் அந்த மூன்றாமவரும் கணக்கில் இருக்க வேண்டும்.