தாமிரலிங்கத்துத் தெருக்களில்

தாய்லாந்து என்றவுடன் பாங்கொக் நகரையே நினைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இன்று பாங்கொக்கைத் தாண்டித் தெற்கே, நீண்டு ஒடுங்கிய தீபகற்பத்தின் கீழைக் கரையை அடுத்துள்ள ஒரு மாகாணப் பட்டினத்துக்குச் செல்வோம். அதன் பெயர் நகோன் சி தம்மராத். நாவைப் புரட்டும் இப்பெயரை நம் எழுத்தில் பிரித்தால் நகர ஸ்ரீ தர்மராஜ என்று வந்து நிற்கும். ஐரோப்பிய வணிகர் இதனை லிகோர் என்றனர். அதற்கு முந்திய பழம்பெயர் தாமிரலிங்கம். முதலாம் இராஜேந்திர சோழன் 1025 அளவில் கடல் கடந்து வென்றதாக அவனது மெய்க்கீர்த்தி பட்டியலிடும் ஊர்களுள் மாதமாலிங்கம் என வருவது இதுவே என்பது அறிஞர் முடிபு.

ஊரின் உருவமே அதன் கதையைச் சொல்லும். பழைய கடற்கரை மணல்மேடு ஒன்றின் முதுகில், வடக்குத் தெற்காக நாடா விரித்தாற்போல அது கிடக்கிறது. கடல் விலகிச் சென்றுவிட்டது. மணல்மேடும் அதன்மீது ஓடும் ராஜதம்னேன் என்னும் நெடுந்தெருவும் எஞ்சியுள்ளன. கோயில்கள், சந்தை, அரச அலுவலகங்கள், நூதனசாலை எனப் பார்க்க வேண்டியவற்றுட் பல இந்தத் தெருவை அண்டியே உள்ளன.

சந்தையிலிருந்து தொடங்குவதே முறை. வயிறு நிறைந்தால்தான் வரலாறு காதில் ஏறும். இவ்வூரார் காலையிலேயே உண்ணும் பண்டம் கனொம் சீன். அரிசிமாவைப் பிசைந்து, துளையிட்ட அச்சின் வழியே கொதிநீரில் பிழிந்து எடுக்கும் வெண்ணிற இழைகள் அவை. நமது இடியப்பத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். நாம் பிழிந்தபின் ஆவியில் அவிக்கிறோம். அவர்கள் நீரிலேயே பிழிகிறார்கள். சீன் என்ற சொல்லைக் கண்டு இது சீனத்திலிருந்து வந்தது என்று எண்ணுவோர் உளர். அது மொன் மொழியிலிருந்து வந்த பெயர் என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து. மேலே ஊற்றுவது மீனும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்ந்த குழம்பு. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகளும் காய்களும் வைக்கப்படும். நாற்றத்துக்குப் பேர்போன சத்தோ அவரையும் அவற்றுள் அடங்கும். அந்தத் தட்டுக்குத் தனி விலை கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

தென் தாய்லாந்தின் சமையல் மஞ்சளும் உறைப்பும் புளிப்பும் மிகுந்தது. மீன் குடலை உப்பிலிட்டுப் புளிக்கவைத்துச் செய்யும் கெங் தை பிளா என்ற குழம்பை முதல் தடவையிலேயே விரும்பி உண்பவர் அரிது. கருவாட்டு மணத்தில் வளர்ந்த நம்மவர் தப்பித்துக் கொள்வார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழுக்காத பச்சை மங்குஸ்தானைத் தோல் சீவி, நீரில் ஊறவைத்து, ஈர்க்கில் கோத்து விற்கிறார்கள். கைகளைக் கறையாக்கும் அந்தக் காயைச் சீவுவதற்குத் தனித் திறமை வேண்டும். வேறு ஊர்களில் எளிதில் காணமுடியாத தின்பண்டம் இது.

ஆனால் இவ்வூர்ச் சந்தையின் உச்சக் காலம் தாய் நாட்காட்டியின் பத்தாம் மாதத்துத் தேய்பிறை. பிதிரர் பூமிக்கு வரும் பதினைந்து நாட்கள் அவை. நாம் புரட்டாதியில் மகாளய பட்சம் என்று விரதம் காக்கும் அதே பட்சந்தான்! அப்போது கனொம் லா என்ற பலகாரம் மலைபோற் குவியும். அரிசிமாவையும் வெல்லப்பாகையும் கரைத்து, அடியில் நுண்துளைகள் இட்ட சிரட்டையில் ஊற்றி, சூடான தாச்சியின்மேல் சுழற்றிச் சுழற்றி வலைபோல வார்ப்பார்கள். சிங்கள மக்கள் புத்தாண்டுக்குச் செய்யும் ஆஸ்மியைக் கண்டவர்களுக்கு இதன் உருவம் புதிதாகத் தோன்றாது. ஏன் இவ்வளவு மெல்லிய இழை? பிரேதங்களின் வாய் ஊசித்துளை அளவினது என்பது பௌத்தக் கதை மரபு. அந்த வாய்க்குள் நுழையக்கூடிய உணவு வேண்டாமா? அதுவே இறந்தோருக்கு ஆடையாகும் என்றும் சொல்வர். உடன் வைக்கும் மற்றைய பலகாரங்களுள் ஒன்று அவர்கள் ஏறிச் செல்லும் தோணி, ஒன்று செலவுக்குக் காசு, ஒன்று அணிகலன், ஒன்று விளையாட்டுக் காய். பசித்த பிதிரரை இத்தனை பரிவோடு நினைக்கும் ஊரை எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இனிக் கோயிலுக்குப் போவோம். பிரா மகாதாத் விகாரையின் பெருந்தூபி பொன்முடியோடு எழுந்து நிற்கிறது. சுற்றிலும் சிறு தூபிகள். மணி கவிழ்த்தாற்போன்ற அதன் வடிவம் இலங்கையின் தாதுகோபங்களைப் பார்த்துக் கட்டியது என்பதில் கலை வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அடித்தளத்தைச் சுற்றி யானைத் தலைகள் துருத்தி நிற்கின்றன. அநுராதபுரத்து ருவன்வெலிசாயவின் யானை மதில் உடனே நினைவுக்கு வரும். கலிங்கத்துத் தந்தபுரத்திலிருந்து தந்ததாதுவோடு இலங்கை நோக்கிப் புறப்பட்ட இளவரசியும் இளவரசனும் மரக்கலம் உடைந்து இம்மணற்கரையில் ஒதுங்கினர் என்பது இவ்வூர்த் தலபுராணம். நம் நாட்டுத் தந்ததாதுக் கதையில் வரும் ஹேமமாலாவும் தந்தகுமாரனுமே அவர்கள். ஆண்டுதோறும் மாக பூசையன்று ஊரவர் நெடுந்துகில் ஒன்றைத் தலைமேல் தாங்கி ஊர்வலமாக வந்து தூபியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். சுகோதயத்தின் 1292ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அங்கிருந்த சங்கராசர் இந்த நகரிலிருந்து வந்தவர் என்று சொல்கிறது. இலங்கைப் பௌத்தம் சியாமுக்குள் நுழைந்த முக்கிய வாயில் இதுவே எனலாம்.

வாயில் என்றால் இருபுறமும் திறக்கும் அல்லவா? 1230இல் பொறித்த சாயியா கல்வெட்டில் தாமிரலிங்கத்தின் அரசனாகக் காணப்படும் சந்திரபானு, 1247இல் படையோடு இலங்கையில் இறங்கினான். தம்பதெனியாவில் ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவின் காலம் அது. நாங்களும் பௌத்தரே என்று கூறிக்கொண்டு வந்த சாவகர் நச்சம்புகளால் தாக்கினர் என்று சூளவம்சம் குறை சொல்கிறது. தோற்றவன் மீண்டும் வந்தான். இம்முறை அவன் படையில் பாண்டிய, சோழ நாட்டு வீரரும் இருந்தனர். மாதோட்டத்தில் இறங்கித் தந்ததாதுவையும் பாத்திர தாதுவையும் கேட்டான். மறுபடியும் தோல்வி. சடையவர்மன் வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டு சாவகனை வென்றதையும் அவன் மைந்தனைப் பணியவைத்ததையும் பேசுகிறது. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி, சாவகன்கோட்டை என்ற ஊர்ப்பெயர்களை இவர்களோடு இணைத்துப் பார்க்கும் வரலாற்றாசிரியர் பலர். பௌத்த அரசன் ஒருவன் பௌத்த அரசன் ஒருவனின் தந்ததாதுவுக்காகத் தமிழ்ப்படை திரட்டி வந்த இந்தக் கதையை, இனத்துக்கொரு பக்கமாக வரலாற்றைக் கிழித்து வைத்திருப்போர் எந்தப் பக்கத்தில் ஒட்டுவார்கள்?

அதே நெடுந்தெருவில் எதிரெதிரே இரு சிறு மண்டபங்கள் உள்ளன. ஒன்று ஹோ பிரா இசுவன், மற்றது ஹோ பிரா நாராய். ஈசுவரனும் நாராயணனுந்தான். ஈசுவரன் மண்டபத்தில் இலிங்கம் இருக்கிறது. அங்கிருந்த நடராசர், உமை, பிள்ளையார் வெண்கலங்களை நூதனசாலையில் பாதுகாக்கிறார்கள். தீபகற்பத்தின் மறுகரையிலுள்ள தக்குவாபாவில், ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்ததைக் குறிக்கிறது. அந்தக் கடல்வழியைத் தெரிந்தவர்க்கு இந்த நடராசரைக் கண்டு வியப்பு வராது.

மண்டபத்தருகே செந்நிற ஊஞ்சற் கம்பங்கள் நிற்கின்றன. சியாமிய அரசவைப் பிராமணக் குடும்பங்கள் பல தம் மூதாதையர் இவ்வூரிலிருந்தும் அயலிலுள்ள பட்டலுங்கிலிருந்தும் வந்ததாகச் சொல்கின்றன. பாங்கொக்கில் அவர்கள் ஆண்டுதோறும் செய்யும் சடங்கின் பெயர் திரியம்பாவாய் திரிப்பாவாய். மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை ஓதுவோருக்கு விளக்கம் தேவையில்லை. இதைத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் நம் நாட்டவரான தனிநாயகம் அடிகளாரும் ஒருவர். பொருள் மறந்து, ஒலியும் திரிந்து, மந்திரமாகவே அச்சொற்கள் அங்கே வாழ்ந்திருக்கின்றன. தமிழ் கற்பிக்கும் எனக்கு இதில் மகிழ்ச்சியும் துயரமும் ஒருசேர எழுகின்றன. பொருள் தெரிந்த நம் வீடுகளில் அப்பாடல்கள் ஒலிக்கும் நாட்கள் குறைந்து வருகின்றன அல்லவா?

பாங்கொக்கின் பெரிய ஊஞ்சலில் ஆடும் விழா 1935இல் நிறுத்தப்பட்டது. நகோன் சி தம்மராத்தில் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் வேறொரு காட்சியைக் காணலாம். சூரிய சந்திரர், பூமாதேவி, கங்கை ஆகியோரைச் செதுக்கிய மூன்று மரப்பலகைகளை ஊர்வலமாகச் சுமந்து வந்து ஈசுவரன் மண்டபத்தில் வைக்கிறார்கள். இறைவன் உலகுக்கு இறங்கி வருகையில் எதிர்கொள்ளும் தேவர்கள் அவர்கள். மறைந்துபோன இந்த வழக்கத்தை ஊர் மக்கள் அண்மைக் காலத்தில்தான் மீட்டெடுத்தார்கள். பலகைகளைச் சுமப்போரும் தெருவோரம் நின்று கைகூப்புவோரும் பெரும்பாலும் பௌத்தர்களே.