மேசைப்பந்தில் முன்கை வீச்சின் வளர்ச்சி

1952ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலக மேசைப்பந்துப் போட்டியில் யப்பானியரான ஹிரோஜி சாட்டோ, தடித்த ஸ்பொஞ்ச் பதித்த மட்டையால் வாகை சூடினார். பந்து படும் ஓசை கேளாமையால் எதிராளிகள் தடுமாறினர். ஆயினும் அது மட்டையின் வெற்றி. வீச்சின் வெற்றி அன்று.

1954இலும் 1956இலும் உலக ஒற்றையர் பட்டம் பெற்ற இச்சிரோ ஒகிமுராவே, விரைந்து அடிபெயர்த்து முன்கையாலேயே தாக்கும் முறையை நிலைநாட்டியோருள் முதன்மையானவர். கைவலிமையினும் காலியக்கமே பெரிதென்பது அவராட்டத்திற் புலனாயிற்று. (பயிற்சி பெறும் இளைஞர் இன்றும் மறப்பது இதனையே.)

1959இல் வெறும் ஸ்பொஞ்ச் விலக்கப்பட்டது. இறப்பருடன் சேர்ந்த தடிப்பும் 4 மில்லிமீற்றருக்குள் வரையறுக்கப்பட்டது. பின்னர் பந்தை உரசி மேற்சுழற்சியூட்டும் வீச்சுப் பரவியது. அவ்வாறு சுழலும் பந்து வளைந்து மேசையில் இறங்குமாதலின், வன்மையாக அடிப்பினும் எல்லை கடப்பதில்லை. சென்னையிற் பிறந்த சரத் கமல் 2006இல் மெல்பேணிலும் 2022இல் பேர்மிங்காமிலும் பொதுநலவாய ஒற்றையர் தங்கம் வென்றபோது, இவ்வீச்சே அவருக்குப் பெருந்துணையாயிருந்தது.